வண்டிக் கணக்கு

காலை ஆறரை. சொங்குல்தாக் துறைமுகத்தில்
கப்பல் ஒன்றும் இல்லை.
வெறும் வயிற்றோடு வந்து உட்கார்கிறார்
சாத்தில்மிஷ், வயது நாற்பத்தேழு,
நிலக்கரிச் சுரங்கத்தில் விஞ்ச் இயக்குபவர்.
சட்டைக் கையை மடக்கும் முன்பே
டீ எப்போது என்கிறார்.

பெயருக்கு, விற்கப்பட்டவன் என்று பொருள்.
முன்னால் பிறந்த மூன்றும் தங்கவில்லை.
பக்கத்து வீட்டுக்காரியிடம் ஒரு பிடி உப்புக்கு
விற்றதாகப் பாவனை செய்து
சாவின் பேரேட்டிலிருந்து
இவரை அடித்துவிட்டாள் தாய்.
நான் அதே பெயரை
ரத்தக் குழாயின் மேல் ஒட்டுகிறேன்,
தெளிவாக, பெரிய எழுத்தில்.

சர்க்கரை இல்லை. அழுத்தம் அளவோடு.
கெட்ட கொழுப்பும் பரவாயில்லை.
எச்.டி.எல் மட்டும் இருபத்தேழு.
நாற்பதாவது வேண்டும் என்றேன்.
"கெட்டது கூடினால் நோய், புரிகிறது.
நல்லது குறைந்தாலுமா?"
நோய் இல்லை, ஆபத்து.
இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று
அவர் கேட்கவில்லை. அவருடைய அப்பா
ரொட்டிக்கடை வரிசையில் நின்றபடி விழுந்தபோது
வயது ஐம்பத்தொன்று.

சுவரில் படிவதை அள்ளிக்கொண்டு
கல்லீரலுக்குத் திரும்பும் வண்டிகள் அவை,
உங்களிடம் வண்டி குறைவு, என்று விளக்கினேன்.
நேற்றிரவே யோசித்து வைத்திருந்த உவமை.
சிரித்தார்.
"பதினொரு பேர் வெட்டி, வண்டி நாலுதான் என்றால்
ஷிஃப்ட் முடிவதற்குள் தடம் அடைத்துவிடும்."
கையெழுத்துப் போட்டார்,
ஆராய்ச்சித் தாளின் பதினேழு பக்கங்களிலும்.

வெள்ளை மாத்திரை, இரவில் ஒன்று.
இருபத்தேழு நாற்பத்துநாலாயிற்று,
பிறகு அறுபத்தொன்று.
அறுபத்தெட்டு வந்த அன்று
நெத்திலி ஒரு கிலோ வாங்கி வந்தார் எனக்கு,
செய்தித்தாள் நனைந்து ஒழுக.
அந்த அறிக்கையை நாலாக மடித்து
மகளின் படத்துக்குப் பின்னால்
பர்ஸில் செருகிக்கொண்டார்.
டாக்டர் நெவ்ஸாத் கூட அன்று விசிலடித்தார்.

இரண்டாம் வருடம், மார்ச்சில்
அங்காராவிலிருந்து மூன்று வரி.
நிறுத்துங்கள்.
மருந்து விழுங்கியவர்களிலும்
வெறும் மாவு விழுங்கியவர்களிலும்
நின்றுபோன இதயங்கள்
ஏறக்குறைய ஒரே எண்ணிக்கை.
மிச்ச மாத்திரைகளை எண்ணிச் சீல் வைத்து அனுப்பவும்.

எண்ணினேன். எண்ணுவது எனக்கு வரும்.

அவரிடம் சொல்ல எட்டு நாள் எடுத்துக்கொண்டேன்.
கோபிக்கவில்லை. பர்ஸைத் திறந்து
மடிப்பில் கிழியத் தொடங்கிய தாளை வைத்தார்.
"இது பொய்யா?"
எண் பொய்யில்லை.
"வண்டி கூடியது, சரி.
பாரம் ஏறியதா?
யாராவது உள்ளே எட்டிப் பார்த்தீர்களா?"

நாங்கள் வாசலில் நின்றே எண்ணியிருந்தோம்.
போகிறதா, வருகிறதா, நிறைந்ததா, காலியா
எதையும் பார்க்காமல்
இன்று இத்தனை என்று.
மேசையில் டீ ஆறிக்கொண்டிருந்தது.
தாளை அவரே எடுத்துக்கொண்டார்,
திரும்ப வேண்டும் என்றார், ஏன் என்று சொல்லவில்லை.

எல்லோரும் போனபின்
என் கையிலேயே ஊசி போட்டேன், இடது கையில்.
முப்பத்தொன்று.
பதினாறு வருடம் இதே மேசை.
ஒருமுறையும் பார்த்ததில்லை.
இந்த ஊரில் மினிபஸ் ஓட்டுபவனுக்கு,
ரொட்டி சுடுபவனுக்கு,
எத்தனை பேருக்கு இப்படி எழுதித் தந்திருக்கிறேன்!

பஸ்ஸை விட்டுவிட்டு
மலைப்படிகளில் ஏறிப் போகிறேன் இப்போது.
இதனால் எண் கூடுமா? கொஞ்சம்.
எண் கூடினால்? தெரியாது.
முழங்கால் வலிக்கிறது, அது உறுதி.

புதன்கிழமை மேலிருந்து ஒருவர் இறங்கி வந்தார்.
திருப்பத்தில் மூச்சு வாங்க நின்றார்.
சாத்தில்மிஷ்.
காதில் செருகிய சிகரெட்,
பற்றவைக்காதது.
"காலையிலிருந்து அங்கேயே இருக்கிறது," என்றார்.
மணி நான்கு.
நான் கேட்கவே இல்லை.